கயிற்றை விட்ட பிரதர்

தடால்!

குருமடத்தின் முகப்பில் எழுந்த அந்தச் சத்தத்தில் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த புறாக்கள் மொத்தமாகக் கிளம்பின. பாதிரியாராகப் பயிலும் குருமாணவர்கள், அந்த 'பிரதர்'கள், மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. சத்தத்துக்குச் சற்று முன்னால்தான் மணி அடித்திருந்தது. மணி அடித்தால் கண்களைத் தாழ்த்தி, வாயை மூடி, சிற்றாலயத்தை நோக்கி நடக்க வேண்டும். ஆகவே எல்லோரும் கண்களைத் தாழ்த்தி, வாயை மூடி, தரையில் கிடந்தவரின் கைகால்களைத் தாண்டித் தாண்டி நடந்தார்கள்.

கிடந்தவர் குருமடத்தின் முதல் அதிபர். பயப்பட வேண்டாம், அவர் இறந்து பல காலம் ஆகிறது. விழுந்தது அவருடைய பிளாஸ்டர் சிலை. பொன்விழாவுக்காக வாசலுக்கு மேலே இருந்த மாடத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தலை மட்டும் தனியாகக் கழன்று, படிகளில் நிதானமாக இறங்கி, ரோஜாச் செடி ஓரமாகப் போய் நின்றது. உயிரோடு இருந்தபோதும் அவர் அப்படித்தான் மாலையில் உலாவுவார் என்று வயதான சாமியார்கள் பிறகு சொன்னார்கள்.

மேலே, சாரத்தில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்தார் மேஸ்திரி. கீழே, கப்பியில் ஓடும் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருக்க வேண்டிய இடத்தில், வெறும் கைகளோடு நின்றார் நெட்டை பிரதர். கயிறு போகிற போக்கில் அவருடைய உள்ளங்கைகள் இரண்டையும் உரசிச் சிவப்பாகக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தது.

அந்தக் கயிறு அவர் கையைவிட்டுப் போனது ஏன் என்று புரிய, மணியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

'மணி கடவுளின் குரல்' என்று ஒழுங்கு நூலின் முதல் பக்கத்திலேயே இருந்தது. குரல் கேட்ட கணத்தில் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட வேண்டும். ஒரு பிரதர் பாதி முகம் சவரம் செய்திருந்தபோது மணி அடித்தது. மீதிப் பாதி நுரையோடு ஜெபத்துக்கு வந்தார். அந்த ஆண்டு முழுக்க அவரைத்தான் உதாரணம் காட்டினார்கள். இன்னொருவர் வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 'அம்மா, எனக்கு உடம்பு' என்ற இடத்தில் மணி அடித்தது. கடிதம் அப்படியே தபாலில் போயிற்று. அந்த அம்மா கிடைத்த பஸ்ஸில் அழுதுகொண்டே வந்து இறங்கினார். 'உங்கள் மகன் கீழ்ப்படிதலில் சிறந்தவர்' என்று தேற்றி, டீ கொடுத்து அனுப்பினார்கள். கால்பந்து மைதானத்தில் கோல் போட வந்தவரும் தடுக்க நின்றவரும் தலை குனிந்து ஒருவர் பின் ஒருவராக வெளியேற, பந்து மட்டும் தன்பாட்டுக்கு உள்ளே உருண்டதும் உண்டு. அந்த கோல் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

ஆக, நெட்டை பிரதர் கயிற்றைப் பிடித்திருந்தார். மேலே மேஸ்திரி, "இன்னும் ஒரு ஜாண் இழுங்க பிரதர், அவ்வளவுதான், அப்படியே பிடிங்க, நான் உள்ள நகத்திக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மணி அடித்தது. "அதுக்குள்ளயா? இன்னும் நேரம் ஆகலையே!" என்றார் மேஸ்திரி. பிறகுதான் அவருக்குப் பொறி தட்டியது. "பிரதர், விட்டுடாதீங்க, விட்டுடா—"

கடவுளின் குரலா, மேஸ்திரியின் குரலா என்ற கேள்வியே அங்கே எழவில்லை. நெட்டை விட்டுவிட்டார்.

இப்போதைய அதிபர் தன் அறை இருந்த வராந்தாவிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தார். அதிபர் ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. மௌன நேரத்தில் பேச அதிபருக்கு மட்டும் அனுமதி உண்டு. அந்த அனுமதியை அவருக்குக் கொடுத்தவரும் அதிபரே.

"யாரு... யாரு இதுக்குப் பொறுப்பு?"

மேஸ்திரி சாரத்திலிருந்து இறங்கி, சுளுக்கிய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். "நான் மேலதான ஃபாதர் நின்னேன்! கயித்தப் பிடிச்சிருந்தவரு இந்தா நிக்கிறாரு. அவரக் கேளுங்க."

அதிபர் நெட்டையைப் பார்த்தார். நெட்டை வாயைத் திறந்தார். மணி அடித்தாகிவிட்டது என்பது நினைவுக்கு வந்தது. வாயை மூடினார்.

"பாத்தியா?" என்றார் அதிபர், மேஸ்திரியிடம். "இவ்வளவு நடந்தும் ஒரு வார்த்தை பேசுறாரா அவரு? மௌனம் காக்குறாரு. நீ மௌன நேரத்துல கத்துற. அதோட அங்கி போட்ட ஒருத்தர் மேல பழியும் போடுற."

"அப்ப மேலயும் நானே நின்னு, கீழயும் நானே கயித்தப் பிடிச்சேனா ஃபாதர்?"

"அதைத்தான் விசாரிக்கணும்."

மேஸ்திரி நெட்டையையே பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. கடைக்காரர் மீதிச் சில்லறை தருவார் என்று நிற்பவர்போல் ஒரு பார்வை. நெட்டை கண்களைத் தாழ்த்தி, சிற்றாலயத்தை நோக்கி நடந்தார். கண்ணடக்கமும் விதிதான். பைபிளில் சீடர் மறுதலித்தபோது கூவியதுபோல் எந்தச் சேவலும் கூவவில்லை.

அன்று ஜெபத்தில் நெட்டையின் உள்ளங்கை எரிந்துகொண்டே இருந்தது. எரிச்சல் கயிற்றால் மட்டும் வந்ததல்ல என்பது அவருக்குத் தெரிந்தது. மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்றும் அவருக்குத் தெரிந்தது. மணி அடிப்பதற்கு வெகு முன்பே அவருக்குக் கை வலிக்க ஆரம்பித்திருந்தது.

*

விசாரணை மறுநாள் உணவறையில் முடிந்தது. அது எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ரொட்டியும் முட்டையும் பரிமாறிய பிறகு அதிபர் எழுந்தார்.

"அன்புச் சகோதரர்களே, நம் இல்லத்தில் தவறு நடப்பதில்லை. நடந்தால், அது நம் இல்லத்தைச் சேராதவர்களால் நடக்கிறது. மேஸ்திரியை நம் இல்லத்தவர் என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தோம். நேற்றைய சத்தத்தோடு அந்த எண்ணமும் உடைந்துவிட்டது. பொன்விழாவுக்கு மறைமாவட்ட ஆயர் வருவதற்கு முந்தின நாளுக்குள் வாசல் வீட்டை அவர் காலி செய்து தருவார். அவருக்காகவும் அவருடைய குடும்பத்துக்காகவும் இன்று மாலை சிறப்பு ஜெபம் உண்டு. இரக்கம் நம் இல்லத்தின் அணிகலன். சாப்பிடுங்கள்."

எல்லோரும் சாப்பிட்டார்கள். நெட்டை தட்டைத் தள்ளி வைத்தார். வாசல் வீடு என்பது கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அறையும் சமையல் இடமும். மேஸ்திரியும் மனைவியும் கல்யாணம் ஆன நாளிலிருந்து அதில்தான் இருக்கிறார்கள். குருமடத்துக் குழாய், கதவு, கூரை என்று மேஸ்திரியின் கை படாத இடம் இல்லை. இனி அவர் எங்கே போவார்? சிறப்பு ஜெபத்தில் அது சொல்லப்படவில்லை.

நல்லவேளையாக, குற்றத்தை ஒப்புக்கொள்ள குருமடத்தில் ஏற்பாடு இருந்தது. சொல்லப்போனால், வேறு எதற்கும் அவ்வளவு ஏற்பாடு இல்லை.

புதன்கிழமைதோறும் குற்ற அறிக்கைக் கூட்டம். ஒழுங்கு ஃபாதர் என்று பெயர் வாங்கிய துணை அதிபர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருவராக நடுவில் முழங்காலில் நின்று தம் குற்றத்தைத் தாமே சொல்ல வேண்டும். குற்றம் இல்லாதவர் என்று யாரும் இருக்கக் கூடாது. குற்றம் இல்லை என்பது தற்பெருமை, தற்பெருமை ஒரு குற்றம். வெறுங்கையோடு வந்தவர்களும் இப்படி எதையாவது எடுத்துக்கொண்டுதான் போவார்கள்.

முதலில் வந்தவர் அகராதி பிரதர். குற்றம் சொல்வதில் பழம் தின்று கொட்டை போட்டவர். எந்தக் குற்றத்துக்கும் அவரிடம் அழகான வார்த்தை இருக்கும் என்பதால் அந்தப் பட்டப்பெயர்.

"சகோதரர்களே, மதிய உணவில் இரண்டாவது வாழைப்பழத்தை என் கண்கள் நாடின. கையை அடக்கினேன். கண்ணை அடக்கினேன் அல்லேன்."

பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அடுத்தவர் தூங்குமூஞ்சி பிரதர். அந்த மாதம் மணி அடிக்கும் பொறுப்பு அவருடையது. மணிக் கயிறு அதிபர் அறை வராந்தாவில் தொங்கும்.

"ஃபாதர், சிலை விழுந்த அன்னிக்கு நான் மணி அடிக்கல. அறையில தூங்கிட்டேன்."

"மணி அடித்ததா?" என்றார் ஒழுங்கு ஃபாதர்.

"அடிச்சது ஃபாதர்."

"பிறகு?"

"அதான் ஃபாதர் எனக்கும் புரியல."

"தூக்கத்தில்கூடக் கடமை தவறாத உங்களைப் போன்றவர்கள் இல்லாத குற்றத்தைத் தேடி அலையக் கூடாது. உட்காருங்கள்."

தூங்குமூஞ்சி குழப்பத்தோடு உட்கார்ந்தார். சற்று நேரத்தில் குழப்பம் தெளிந்து தூங்கிவிட்டார்.

நெட்டை எழுந்தார். முழங்காலில் நின்றபோதும் மற்றவர்கள் நிற்கும் உயரத்தில் இருந்தார்.

"மேஸ்திரி 'பிடிங்க'ன்னு சொன்னார். நான் விட்டுட்டேன். சிலை உடைஞ்சது என்னால. தப்பு அவருடையது இல்ல, என்னுடையது. அவரை அனுப்ப வேண்டாம்."

உண்மை திடீரென்று உள்ளே நுழைந்தால் பழக்கமில்லாத அறைகள் எப்படி ஆகுமோ அப்படி ஆயிற்று அந்த அறை. ஒழுங்கு ஃபாதர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒழுங்கு நூலைப் புரட்டினார்.

"எந்தத் தலைப்பு பிரதர்?"

"தெரியல ஃபாதர்."

"மௌனம், கண்ணடக்கம், நேரந்தவறாமை, சிக்கனம் என்று இருக்கின்றன. மணி அடித்தது, விட்டீர்கள். விடாமல் இருந்திருந்தால் நேரந்தவறாமையின் கீழ் வந்திருக்கும். விட்டதால் எதன் கீழும் வரவில்லை."

"ஆனா ஃபாதர், சிலை கீழ வந்துடுச்சே."

"அது கட்டடப் பராமரிப்பு. இந்தக் கூட்டத்தின் வரம்புக்குள் இல்லை."

அப்போது அகராதி பிரதர் எழுந்தார். கண் கலங்கியிருந்தது. "ஃபாதர், பேச அனுமதி வேண்டும். நமக்கு விளங்கவில்லையா? ஓர் ஏழைத் தொழிலாளியின் பழியை நம் சகோதரர் தன் தோளில் ஏற்றிக்கொள்கிறார்! செய்யாத குற்றத்தைச் செய்தேன் என்கிறார்! நான் வாழைப்பழத்தோடு நின்றுவிட்டேனே!"

"நான் நெஜமாவே செஞ்சேன் பிரதர்."

"பாருங்கள், இன்னும் விடமாட்டேன் என்கிறார்!"

ஒழுங்கு ஃபாதர் தம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கை தட்டினார். அந்தக் கூட்டத்தின் வரலாற்றில் ஒரு குற்றத்துக்குக் கைதட்டல் கிடைத்தது அதுவே முதல் முறை.

அடுத்த புதன்கிழமை விபரீதமாகிவிட்டது. வாழைப்பழம், கதவுச் சத்தம் எல்லாம் மவுசு இழந்தன. அகராதி முழங்காலில் நின்று, "நானும் உள்ளத்தளவில் அந்தக் கயிற்றை விட்டேன்" என்றார். அடுத்தவர் தானும் விட்டதாகச் சொன்னார். புதிதாகச் சேர்ந்த ஒருவர், "நான் அன்னிக்குக் காய்ச்சல்ல படுத்திருந்தேன் ஃபாதர். ஆனா இருந்திருந்தா கண்டிப்பா விட்டிருப்பேன்" என்று அழுதார். கூட்டம் முடிவதற்குள் அந்த ஒரு சிலையை ஒட்டுமொத்தக் குருமடமும் சேர்ந்து கீழே போட்டிருந்தது. போடாதவர் மேஸ்திரி ஒருவர்தான். வீட்டைக் காலி செய்ய வேண்டியவரும் அவர் ஒருவர்தான்.

இதற்கிடையில் யாரோ நெட்டையின் உள்ளங்கைக் கோடுகளைப் பார்த்துவிட்டார்கள். "பிரதர், இதென்ன காயம்?" "கயிறு உரசினது." "உரசினதா, கிடைச்சதா?" என்று, சிலுவைக் காயம் அருளாகக் கிடைத்த புனிதரைப் பார்ப்பதுபோல் பார்த்துக் கேட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் பொன்விழா மலருக்காகப் புகைப்படக்காரர் ஒருவர் வந்து, கைகளை விரிக்கச் சொல்லி, "கொஞ்சம் சோகமா பாருங்க" என்று படம் எடுத்தார். சோகத்துக்கு நெட்டை தனியாக எந்த முயற்சியும் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

*

மிச்சம் இருந்தது பாவசங்கீர்த்தனம், குருவிடம் தனியாகப் பாவத்தைச் சொல்வது. நெட்டை ஆன்மகுருவின் அறைக் கதவைத் தட்டினார். ஆன்மகுரு தலை நரைத்த, தூய்மையான, எப்போதும் போர்வைக்குள் இருக்கும் மனிதர். யார் என்ன சொன்னாலும் அதில் ஏதாவது நல்லது கண்டுபிடித்துவிடுவார். அவரிடம் போய்ப் பாவம் சொல்வது, தலையணையில் ஆணி அடிப்பதுபோல.

"ஃபாதர், எல்லாரும் நான் மணிக்குக் கீழ்ப்படிஞ்சேன்னு சொல்றாங்க. அதுவும் இல்ல. எனக்குக் கை வலிச்சது. எப்படா விடலாம்னு இருந்தேன். மணி அடிச்சதும் அப்பாடான்னு விட்டேன்."

"அப்பாடான்னா? அந்த நேரத்துலயும் விண்ணகத் தந்தையைக் கூப்பிட்டிருக்கீங்க. நல்லது, நல்லது."

"இல்ல ஃபாதர், சோம்பேறித்தனம். மேல ஒரு மனுஷன் நிக்கிறாருன்னு தெரியும். தெரிஞ்சே விட்டேன். அப்புறம் வாயும் தெறக்கல."

ஆன்மகுரு அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். "புனிதர்கள் எல்லாருக்கும் இது வரும் பிரதர். தங்களையே பெரிய பாவின்னு நெனைச்சுப்பாங்க. தாழ்ச்சி முத்திப்போனா இப்படித்தான் இருக்கும். ராத்திரி நல்லாத் தூங்குங்க, சரியாயிடும். பாவமன்னிப்பு குடுத்துடறேன்."

"மேஸ்திரிக்கு வேலை ஃபாதர்?"

"பாவம் என் இலாகா. வேலை அதிபர் இலாகா."

வெளியே வந்த நெட்டைக்கு முறைப்படி எல்லாம் மன்னிக்கப்பட்டிருந்தது. இந்த வருடம் முடிந்தால் அங்கிக்கு மேல் பட்டை, பிறகு குருப்பட்டம். வீட்டில் அம்மா இப்போதே அவருடைய பழைய சட்டைகளைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, 'எங்க சாமியாருக்கு இனிமே எதுக்கு' என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மன்னிக்கப்பட்டவருக்கு நடக்கும்போது கால் கனத்தது.

*

ஆயர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம். ஓய்வு நேரத்தில் நெட்டை வாசல் வீட்டுக்குப் போனார். வாசலில் ஒரு சின்ன வேன் நின்றது. பாத்திர மூட்டை, பாய், ஒரு சைக்கிள் எல்லாம் ஏறியாகிவிட்டது. மேஸ்திரி மணிக்கட்டில் துணி சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க பிரதர், வாங்க. மணி கிணி அடிச்சு வந்தீங்களா, சும்மாவா?"

"சும்மாதான் மேஸ்திரி."

உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "உள்ள யாரோ ஒரு பிரதர் நமக்காகப் பழியச் சுமக்குறாராம்னு சமையக்காரர் சொன்னாரே, இவருதானா?"

"இவரேதான். பழிய நல்லாச் சுமப்பாரு. பீரோவச் சுமப்பாரான்னு கேளு."

நெட்டை படிக்குக் கீழே நின்றார். வார்த்தைகளை ஜோடிக்கவில்லை. "கை வலிச்சது மேஸ்திரி. மணி அடிச்சதும் நல்லவேளைன்னு விட்டுட்டேன். நீங்க மேல நிக்கிறீங்கன்னு தெரியும்."

மேஸ்திரி அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் குருமட வளாகத்துக்குள் நெட்டை சொன்னதை நம்பிய முதல் ஆள் அவர்தான் என்பது முகத்தில் தெரிந்தது. நம்பிய முகம் அவ்வளவு இனிமையாக இல்லை.

"ஏன் பிரதர், இத அன்னிக்கே அங்கயே சொல்லியிருக்கலாம்ல?"

"மௌன நேரம்..."

"அடேயப்பா! எங்க மாமியாருக்கு யாராவது இப்படி ஒரு நேரம் வச்சுக் குடுத்தா நல்லா இருக்கும்."

"எங்கம்மாவ எதுக்கு இதுல இழுக்கறீங்க?" என்றார் மனைவி, உள்ளிருந்து.

"சும்மா சொன்னேன்டி." மேஸ்திரி நெட்டையின் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "கை வலிச்சா 'மேஸ்திரி, கை வலிக்குது'ன்னு சொல்ல வேண்டியதுதான? எத்தனை பேரு சொல்லியிருக்கான் எங்கிட்ட. எறக்கு, மூச்சு விட்டுட்டு ஏத்தலாம்னு சொல்லியிருப்பேன். அது கூடவா ஒங்க பொஸ்தகத்துல இல்ல?"

இல்லை. நெட்டை உள்ளே போய் பீரோவின் ஒரு முனையைப் பிடித்தார்.

பழைய இரும்பு பீரோ. கண்ணாடி வைத்தது. கல்யாணத்துக்கு மனைவி வீட்டில் கொடுத்தது. மேஸ்திரி முன்னால் கீழ்ப்பக்கத்தைப் பிடித்துப் பின்னோக்கி நடந்தார். நெட்டை மேல்பக்கம். வாசலைத் தாண்டி, படியில் இறங்க ஆரம்பித்தார்கள். சுளுக்கிய கை தாங்காமல் மேஸ்திரி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். மொத்தப் பாரமும் அவர் பக்கமாகச் சாய்ந்து நின்றது. நெட்டை கொஞ்சம் தளர்த்தினாலும் பீரோ அவர் மேல்தான்.

மணி அடித்தது.

மேஸ்திரி அப்படியே நின்றார். பீரோவுக்குப் பக்கவாட்டிலிருந்து அவருடைய ஒரு கண் மட்டும் நெட்டையைப் பார்த்தது. ஏதும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று போனமுறை பார்த்திருந்தார். மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். சற்றுத் தள்ளி, வளாகத்துக்குள், வெள்ளை அங்கிகள் கண்களைத் தாழ்த்திப் போய்க்கொண்டிருந்தன. அந்தப் போக்கு நெட்டையின் காலையும் இழுத்தது. இத்தனை காலப் பழக்கம், விரல்கள் தாமாகவே நெகிழப் பார்த்தன. உள்ளங்கையின் பழைய கோட்டில் இரும்பு விளிம்பு அழுத்தியது.

மணி அடித்து முடித்தது.

"எறங்குங்க மேஸ்திரி," என்றார் நெட்டை. "அடுத்த படி."

இறங்கினார்கள். பீரோவை வேனில் ஏற்றிவிட்டு இருவரும் மூச்சு வாங்கினார்கள்.

"கை வலிக்குதா?" என்றார் மேஸ்திரி.

"வலிக்குது மேஸ்திரி."

"ம்," என்றார் மேஸ்திரி. முதல் முறையாகப் பக்கத்தில் உட்கார இடம் விட்டார்.

*

நெட்டை அங்கே உட்காரவில்லை. நேராக அதிபர் அறைக்குப் போனார். மனதில் ஒரு விசித்திரமான மகிழ்ச்சி இருந்தது. கடைசியில் அவரிடம் செல்லுபடியாகும் ஒரு குற்றம் இருக்கிறது.

அதிபர் மேசையில் பொன்விழா மலர் அச்சாகிக் கட்டுக்கட்டாக வந்திருந்தது.

"மணி கேக்கலையா பிரதர்?"

"கேட்டது ஃபாதர்."

"பின்ன ஏன் வரல?"

"மேஸ்திரியோட பீரோவப் பிடிச்சிருந்தேன். விட்டிருந்தா அவரு கால் போயிருக்கும். விடல. இது நேரந்தவறாமையின் கீழ வருது ஃபாதர், ஒழுங்கு ஃபாதரே ஒத்துப்பாரு. தண்டனை குடுங்க. அப்படியே பழைய தப்பையும் என் பேருல எழுதிட்டு, மேஸ்திரிய நிறுத்துங்க. வேன் இன்னும் வாசல்லதான் நிக்குது."

அதிபர் ஒரு மலரை எடுத்து விரித்துக் காட்டினார். பக்கம் முழுக்க நெட்டை. விரித்த கைகள், தாழ்ந்த கண்கள். கீழே பெரிய எழுத்தில்: 'மணியோசைக்குக் கை விரித்தவர்'.

"நாளைக்கு ஆயர் இதைக் கையில வச்சுக்கிட்டுத்தான் பேசப் போறாரு. இவருதான் மணியை மீறினாருன்னு இன்னிக்கு நான் சொல்லட்டுமா?"

"சொல்லிடுங்க ஃபாதர்."

"யோசிச்சுப் பேசுங்க பிரதர். மேஸ்திரி மேல தப்பு இல்லன்னா, உங்க மேல தப்பு. விதிப்படி நடந்த உங்க மேலயும் தப்பு இல்லன்னா, விதி மேல தப்பு. இல்லாட்டி மணி மேல தப்பு. மணி யாரோட குரல்?" அதிபர் ஒரு நொடி தடுமாறினார். "எல்லாம் சரிஞ்சு விழும். மேஸ்திரி ஒருத்தர் தப்புன்னு இருந்தா மட்டும்தான் மத்தது எல்லாம் அதது எடத்துல நிக்குது. அவரு பாவம்தான், நான் இல்லைங்கல. அவருக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்."

"அவருக்கு வீடு வேணும் ஃபாதர்."

"ஜெபிக்கிறேன்னு சொன்னேன்ல?"

நெட்டை கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்தார். பிறகு அங்கியின் பித்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். கழுத்திலிருந்து கால்வரை இருந்ததால் நேரம் பிடித்தது. அதிபர் தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு இருந்தார். அங்கியை நான்காக மடித்து மலர்க் கட்டின் மேல் வைத்தார். உள்ளே சாதாரணச் சட்டை, முழங்கை கிழிந்தது.

"உங்க அம்மா கிட்ட என்ன சொல்லுவீங்க?"

"கை வலிச்சதுன்னு சொல்றேன் ஃபாதர்."

வெளியே வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. நெட்டை கதவை நோக்கி வேகமாக நடந்தார். ஓடினால் பிடித்துவிடலாம்.

"பிரதர்."

மேடைகளிலும் உணவறையிலும் கேட்ட குரல் அல்ல அது. நெட்டை திரும்பினார். அதிபர் அவரைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் மணிக் கயிறு காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"அன்னிக்குத் தூங்குமூஞ்சி சொன்னது நெஜம் பிரதர், கையில கயிறு இருக்கும்போது மணி அடிச்சா விடுறீங்களான்னு பாக்க, நான்தான் அடிச்சேன்... நானும் பாவசங்கீர்த்தனத்துல போய்ச் சொல்லிட்டேன், அது என் தாழ்ச்சின்னு சொல்லி அனுப்பிட்டாரு ஆன்மகுரு."